கோடியக்கரையும் ஒரு தீவுதான்

தீவுகளின் உயிரினங்கள் என்றதும் நம் மனம் அந்தமானுக்கோ மொரீசியசுக்கோ போய்விடுகிறது. வேதாரண்யம் பக்கத்தில் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்பது என் எண்ணம். கிழக்கிலும் தெற்கிலும் கடல், மற்றப் பக்கங்களில் உப்பளமும் சதுப்பும் என்று அடைபட்டுக் கிடக்கும் கோடியக்கரைக் காடு, அங்கு மேயும் வெளிமான்களைப் பொறுத்தவரை ஒரு தீவுதான்.

தீவுகளின் உயிரியலுக்கு அடித்தளமிட்ட கோட்பாட்டை ராபர்ட் மெக்கார்தரும் எட்வர்டு வில்சனும் 1967-இல் நூலாக வெளியிட்டார்கள். கோடியக்கரை சரணாலயமானதும் அதே ஆண்டில்தான் என்பது தற்செயல். ஏரியின் நீர்மட்டத்தை வரத்து வாய்க்காலும் வடிகாலும் சேர்ந்து நிர்ணயிப்பதைப் போல, ஒரு தீவில் எத்தனை இனங்கள் நிலைக்கும் என்பதைப் புதிதாக வந்து சேர்பவையும் அற்றுப்போகிறவையும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன என்பது அவர்கள் வாதம். தொலைவு கூடக்கூட வரத்து குறையும். பரப்பு சுருங்கச் சுருங்க அழிவு கூடும்.

இதைச் சோதிக்க வில்சனும் அவர் மாணவர் டேனியல் சிம்பர்லாஃபும் புளோரிடா கடலோரத்தில், முத்துப்பேட்டைக்காரர்களுக்குப் பழக்கமான அலையாத்தி மரங்கள் போன்றவை நின்ற சிறு திட்டுகளைத் தேர்ந்தெடுத்து, கூடாரம் போட்டு மூடி, நச்சுப்புகை செலுத்தி, பூச்சி, சிலந்தி முதலான சிற்றுயிர்களை அழித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டில் இனங்களின் எண்ணிக்கை பழைய அளவை நெருங்கியது. வந்து குடியேறியவை முழுக்க அதே இனங்கள் அல்ல. மிகத் தொலைவில் இருந்த திட்டு மட்டும் பின்தங்கியது.

மீண்டும் வந்து சேர்வதற்கு வேறெங்காவது அந்த இனம் இருந்தாக வேண்டும். அந்தமானுக்குக் கிழக்கே, ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நார்கொண்டம் எரிமலைத் தீவில் வாழும் இருவாச்சிக்கு அந்த வசதி இல்லை, ஏனெனில் உலகில் வேறெங்கும் அது இல்லை. பெரிய மரப்பொந்துகளில் கூடுவைக்கும் பறவை அது. 1970-களில் அங்குள்ள காவல் சாவடிக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து, நாளைய பெருமரங்களை முளையிலேயே தீர்த்துக்கொண்டிருந்தன. இருவாச்சியை யாரும் சுடவேண்டிய தேவையே இருக்கவில்லை. பிறகு ஆடுகள் அகற்றப்பட்டன.

கோடியக்கரையில் அந்த ஆடுகளின் இடத்தில் இருப்பவை குதிரைகள். ஒரு காலத்தில் வளர்க்கப்பட்டுக் காட்டோடு போய்விட்டவற்றின் வழிவந்த இவை, வெளிமான்கள் நம்பியிருக்கும் அதே புல்வெளியில் மேய்கின்றன. மழைக்குப் பிறகு புல்வெளி ஓரத்தில் பழைய குதிரைச் சாணத்தைக் குனிந்து பார்த்தால், நார்களுக்கிடையே இரண்டிரண்டு இலையாக, புல்வெளியை ஆக்கிரமிக்கும் சீமைக்கருவேலம் முளைத்திருப்பது தெரியும். இனிப்பான நெற்றைத் தின்கிற குதிரைக்கு விதை செரிப்பதில்லை. மான்களும் நெற்றைத் தின்கின்றன, ஆகவே பழி முழுவதையும் குதிரைமேல் போடுவது நியாயமாகாது. கிண்டியிலும் வல்லநாட்டிலும் வெளிமான்கள் உண்டு. ஆனால் அங்கிருந்து ஒரு மான் நடந்து வந்து இங்குள்ள கூட்டத்தோடு சேரப்போவதில்லை.

குதிரைகளை அப்புறப்படுத்தலாம் என்றால் ஊரில் பலருக்கு மனம் ஒப்பாது. புகைப்படக்காரர்களுக்கு மானைவிட அவற்றின்மேல்தான் பிரியம். ஆனாலும் அவற்றை வேறிடத்தில் வைத்துப் பராமரிப்பதே சரி என்று நினைக்கிறேன், அதுவும் சீமைக்கருவேலத்தை வெட்டுவதற்கு முன்பாகவே. வேரோடு பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கு மறுபடி விதை போட ஆள் இருக்கும்போது, வெட்டுக்கூலி வீண்தான்.