மருந்தகத்து நாட்குறிப்பு: அட்டையை எடுத்துக் கொடுப்பதற்கு முன்

8 ஜூலை 2024, திங்கள், சுங்கை சிப்புட்

சம்பளம் போட்ட வாரம் என்பதால் காலையிலிருந்தே கடையில் கூட்டம். அது ஓய்கிற நேரம் பார்த்து உள்ளே வந்த ஓர் இளம்பெண், இருமல் மருந்துகளின் பக்கம் வெகுநேரம் நின்றுவிட்டு, கடைசியில் கைப்பேசியில் ஒரு கருத்தடை மாத்திரை அட்டையின் படத்தைக் காட்டினார். மலேசியாவில் இதற்கு மருத்துவர் சீட்டு கட்டாயமில்லை. மருந்தாளரே கொடுக்கலாம், ஆனால் வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இந்த ஊரில், பெண்கள் மாத்திரையைவிட அந்தப் பதிவேட்டுக்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள்.

கர்ப்பப்பை காய்ந்துவிடும், பிறகு பிள்ளையே தங்காது என்று அவருடைய மாமியார் சொன்னாராம். மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்னும் இரண்டு ஹார்மோன்களும் கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கின்றன, கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை மறிக்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ கருமுட்டை மீண்டும் வெளிப்படத் தொடங்கும் என்று விளக்கினேன். மாமியாரையும் குறை சொல்வதற்கில்லை. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35தான். குமட்டலும் தலைசுற்றலும் அதிகமாக இருந்த பழைய மாத்திரைகளின் பெயர்தான் தோட்டத்து லயங்களில் இன்னும் வழங்கிவருகிறது.

11 ஜூலை, வியாழன்

இந்த மாத்திரை இரத்தத்தைக் கட்டியாக்கிக் கொன்றுவிடும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி சுற்றுகிறது. இன்று மட்டும் பலர் வந்து காட்டினார்கள். அதில் உண்மை இருக்கிறது, அளவுதான் இல்லை. மாத்திரை எடுக்காத, கருவுறாத 10,000 பெண்களில் ஓராண்டில் ஏறக்குறைய 2 பேருக்கு இரத்தக் குழாயில் இரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் கலந்த மாத்திரை எடுப்பவர்களில் அது 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பைரெனோன் அல்லது டெசோஜெஸ்ட்ரல் என்ற வேறு புரோஜெஸ்டின்கள் கலந்தவற்றில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்தில் இந்த ஆபத்து 5 முதல் 20 பேர் என்றும், பிரசவத்தை அடுத்த வாரங்களில் அதைவிடப் பல மடங்கும் ஆகிறது என்பதைச் செய்தியை அனுப்பியவர் எழுதவில்லை.

1995 அக்டோபரில் பிரிட்டனில் சில வகை மாத்திரைகளைப் பற்றி இப்படியோர் எச்சரிக்கை வெளியானபோது, பலர் மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல் அட்டையைத் தூக்கியெறிந்தார்கள். அடுத்த ஆண்டு அங்கே கருக்கலைப்புகள் கூடின.

ஆனாலும் ஆபத்து ஆபத்துதான், முதல் ஆண்டில் அது கூடுதல். நாள் முழுவதும் நின்று வேலை செய்பவரின் இரண்டு கால்களும் மாலையில் வீங்குவது இங்கே வாடிக்கை. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டிராமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

16 ஜூலை, செவ்வாய்

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மா, வயது முப்பத்தெட்டு, மதியம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் காலி அட்டையோடு வந்தார். வெள்ளித்தாளில் கிழமைகளும் அம்புக்குறியும் அச்சிட்டிருந்த அந்த அட்டையில் கடைசி வரிசை மட்டும் பிரிக்கப்படாமல் இருந்தது. அவை மருந்தில்லாத மாத்திரைகள் என்று தெரிந்து, பாதுகாப்பாக எடுத்துவந்திருக்கிறார். இரத்த அழுத்தம் பார்த்தேன்: 156/98. நாற்காலியில் உட்காரவைத்துச் சற்று நேரம் கழித்துப் பார்த்தபோதும் 152/96.

தலைவலி வருமா என்று கேட்டேன். "வரும்க்கா, வர்றதுக்கு முன்ன கண்ணுல மின்னல் மாதிரி கோடு கோடாத் தெரியும், ஒரு பக்கம் மறைஞ்சே போயிரும்" என்றார். நான் அட்டையைக் கல்லாவுக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டேன். 140/90ஐத் தாண்டிய அழுத்தமே ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்கப் போதுமான காரணம். கண்ணில் ஒளிக்கோடுகளோடு வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் பக்கவாத ஆபத்து கூடுவதால் எந்த வயதிலும் அதைக் கொடுக்கவே கூடாது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய, புகைபிடிக்கும் பெண்களுக்கும், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாத பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது ஆகாது.

"அவளுக்கு ஒத்துப்போச்சு, எனக்கு மட்டும் என்னக்கா?" என்றார் மனத்தாங்கலோடு. மருந்து ஒன்றுதான், உடம்பு வேறு. அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரு வெள்ளி (ரிங்கிட்) பதிவுக் கட்டணத்தில் அழுத்தத்துக்கும் மருந்து கிடைக்கும். பத்தாண்டு வரை பயன்தரும், கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் இல்லாத காப்பர் வளையத்தைப் பற்றியும் தாதியிடம் கேட்கலாம். இந்த ஊரில் மாத்திரை கைமாறுவது காய்கறி கைமாறுவதைப் போல நடக்கிறது. எனக்கு மாத்திரையைவிட இந்தப் பழக்கத்தின் மேல்தான் அச்சம்.

21 ஜூலை, ஞாயிறு

கடை அரை நாள்தான். ஈப்போவில் படிக்கும் மகளோடு ஒரு தாய் வந்திருந்தார். மாதவிடாயின்போது அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு, வலியில் வகுப்புக்குப் போக முடியாத நிலை, இரத்தச்சோகை. மருத்துவர் எழுதியதோ கருத்தடை மாத்திரை. "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இதையா கொடுப்பாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் தாய். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சுருண்டு படுத்த நாள்களையெல்லாம் 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்று தள்ளிவிட்ட நம் வீடுகள், மருந்தின் பெயரைக் கேட்டதும் விழித்துக்கொள்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கருப்பையின் உட்சுவர் தடிக்காமல் பார்த்துக்கொள்வதால் இரத்தப்போக்கும் வலியும் குறைகின்றன, இரும்புச்சத்து தேறுகிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் மாதக்கணக்கில் வராத மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும், முகப்பருவுக்கும் இதைக் கொடுப்பதுண்டு. இவளுடைய அழுத்தம் சரியாக இருந்தது, குடும்பத்தில் யாருக்கும் இரத்தம் உறைந்த வரலாறும் இல்லை. முதல் மூன்று மாதங்களில் குமட்டலோ, மார்பக வலியோ, இடையிடையே இரத்தத் துளிகளோ வரலாம், மனநிலை மாறினால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று மகளிடமே நேராகச் சொன்னேன்.

27 ஜூலை, சனி

புற்றுநோய் வருமா என்று கேட்பவர்களுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல இயலாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த இக்கூட்டு மாத்திரைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய் ஆபத்து எடுக்கும் காலத்தில் சற்றே கூடி, நிறுத்தியபின் படிப்படியாகக் குறைகிறது. ஐந்தாண்டுக்கு மேல் எடுத்தால் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. அதே மாத்திரை சினைப்பைப் புற்றுநோயையும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது, அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் நீடிக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூலகாரணம் எச்.பி.வி. கிருமி, 2010 முதல் நம் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதற்கெதிரான தடுப்பூசி போடும் திட்டம் இருக்கிறது. அந்த வயதைத் தாண்டிய தாய்மார்கள் கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மாலையில் வந்த ஒருவர் காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டே கருத்தடை மாத்திரையும் கேட்டார். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டுக் கருத்தடை மருந்தை விரைவில் சிதைத்துவிடும். அட்டை தவறாமல் தீர்ந்தாலும் கரு தங்கலாம். காசநோய் மருந்தை நிறுத்தினால் இழப்பு பெரிது. அதனால் ஆணுறையைக் கொடுத்து, ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் நான்கு வாரங்கள் வரை மாத்திரையை நம்ப வேண்டாம் என்று அவருடைய சிகிச்சை அட்டையின் பின்புறத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்.