பென்சில் நட்சத்திரம்

"இந்த டேக்கை வைக்கலாமா, அழிக்கலாமா?" என்று அந்த பேண்டின் பாடகி கேட்டாள். ஒரு பாட்டை ஒரு முறை முழுதாக வாசித்துப் பதிவதுதான் டேக், ஸ்டுடியோவில் அதைப் பதிந்து கொடுப்பது என் வேலை. "உங்கள் பாட்டு, நீங்களே முடிவு பண்ணுங்கள்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. எட்டு வருடம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டு அங்குல டேப் ஒரு ரீல், வினாடிக்கு 15 அங்குலம் ஓடினால் 33 நிமிடம் வரும். அவர்களிடம் இருந்த காசுக்கு ஒரு ரீல்தான். கடைசிப் பாட்டின் மூன்றாவது டேக் முடிந்தபோது ரீலும் தீர்ந்துவிட்டது, மறுபடி வாசிப்பதென்றால் அதன் மேலேயே பதிய வேண்டும், டேப்பில் அழிந்தது திரும்பி வராது. அந்த டேக்கில் அவள் குரல் உடைந்து ஒரு வரி பாதியில் நின்றுபோனது. டிரம்ஸ் காத்திராமல் முன்னே ஓட, அவள் மூச்சு வாங்குவது தரையில் வைத்திருந்த மைக்கில் அப்படியே விழுந்திருந்தது. எனக்குப் புல்லரித்தது. டேப்பில் என்ன பதிந்திருக்கிறது என்று எழுதிவைக்கும் டிராக் ஷீட்டில் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டேன். அவள் கேட்டபோது அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

அழித்தார்கள். நான்காவது டேக் பிசிறில்லாமல் வந்தது. அதுதான் ரெக்கார்டில் இருக்கிறது.

இவ்வளவு நாளும் ரெக்கார்டிங் இன்ஜினியர் ஸ்டீவ் ஆல்பினியைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சிகாகோவில் இந்த வேலை பார்க்கும் எங்களுக்கெல்லாம் அவர் ஏதோ ஒரு விதத்தில் ஆசான். தயாரிப்பாளர் என்று தன் பெயரைப் போடுவது அவருக்குப் பிடிக்காது, பதிவு செய்தவர் என்றால் போதும். ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, வாங்கமாட்டார். 1992-இல் நிர்வாணா என்ற ராக் பேண்டுக்கு எழுதிய கடிதத்தில், குழாய் ரிப்பேர் செய்கிறவருக்குக் கொடுப்பதுபோல எனக்கும் வேலைக்குக் கூலி கொடுங்கள் என்றார். லட்சக்கணக்கில் விற்கப்போகிற ஆல்பம் என்று தெரிந்தும் 1 லட்சம் டாலரோடு நிறுத்திக்கொண்டார். 1993-இல் எழுதிய கட்டுரையில், பெரிய ரெக்கார்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும் ஒரு கற்பனை பேண்டுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்: கம்பெனிக்கு 7,10,000 டாலர், தயாரிப்பாளருக்கு 90,000, பாடி வாசித்தவர்களுக்கு ஆளுக்கு 4,031.25. அந்த 25 சென்ட்டைக்கூட விடவில்லை. பத்திரிகைப் படிப்பு படித்த மனுஷன்.

2024 மே 7-ஆம் தேதி போய்விட்டார், 61 வயது. அந்த வாரம் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்வது என் வேலையில்லை என்கிற இடம் எனக்கு மனப்பாடம். அதை ஒட்டியே இன்னொன்றும் இருக்கிறது: பேண்ட் பெரிய தப்பு செய்வதாகத் தோன்றினால் அதைச் சொல்வதும் என் வேலைதான், சொன்ன பிறகும் அவர்கள் அதையே விரும்பினால் செய்துகொடுப்பேன். நான் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தியிருக்கிறேன்.

சரி, அது தப்புதானா? குரல் அவளுடையது. அது உடைந்ததில் எனக்குப் புல்லரித்தது, அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். அவளுக்கு இருபது வயது இருக்கும், ஒலிப்பதிவு கன்சோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற நான் வாயைத் திறந்தால் அது கருத்தாக இருக்காது, தீர்ப்பாகிவிடும். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தால் நட்சத்திரத்தை ஏன் மறைத்தேன்? ராத்திரி பதினொன்றரை ஆகியிருந்தது, களைப்பு. அதைவிட, நான் சொல்லி வைத்துக்கொண்டு நாளைக்கு அது அவர்களுக்குப் பிடிக்காமல் போனால் பழி என் தலையில் விழுமே என்ற பயம்.

போன மாதம் வேறொரு பேண்ட் இதையே கேட்டது. "வையுங்கள்" என்றேன். வைத்தார்கள். கிடார் வாசிக்கிற பையனின் முகம் ஒரு நொடி வாடியதைப் பார்த்தேன், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது.

டிராக் ஷீட்டை ரீலோடு பெட்டிக்குள் வைத்துத்தான் கொடுப்போம். அன்றைக்கும் அப்படித்தான் கொடுத்தேன். மூன்றாவது டேக்கைக் கோடு போட்டு அடித்தேன், நட்சத்திரத்தை மட்டும் அழிக்கவில்லை. அவள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாளா என்று தெரியாது.