நல்லூர்க் கொடியேறிய பிறகு ஏசியன் ஃபியூஷன் சாப்பாடு

நல்லூர்த் திருவிழா 25 நாள். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் அந்த நாட்களில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் அமைதியாயிருக்கும் காலமும் அதுதான். வெளிநாட்டு உறவுகளோடு ரிசோர்ட்டுக்குப் போகிறவர்கள், அங்குள்ள ஏசியன் ஃபியூஷன் உணவகத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது உப்பைப் பற்றி.

தாய்லாந்து, மலேசிய, கொரிய, யப்பானியச் சமையலில் உப்புச் சுவையின் பெரும்பங்கு மீனிலிருந்தும் இறாலிலிருந்தும் வருகிறது. அதனால் கோப்பையில் மீன்துண்டு கிடக்கவில்லை என்பதை நம்பக்கூடாது. மரக்கறி மட்டும் போட்ட கிரீன் கறியின் விழுதிலும் பெரும்பாலும் இறால் விழுது அரைபட்டிருக்கும்; இறக்கும்போது மீன்சோஸும் சேரும். அது நெத்தலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு. மலேசிய நூடில்ஸ் சூப்பான லக்சாவில் பெலாச்சான் என்ற இறால் விழுது, கொரியக் கோவா ஊறுகாயான கிம்சியில் உப்பிட்ட கூனி இறால், கங்குன் வதக்கலில் சிப்பிச் சோஸ். மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பின் தண்ணீரே காயவைத்த சூரைமீன் சீவலில் ஊறியது, கிட்டத்தட்ட எங்கள் மாசி மாதிரி.

பரிமாறுபவரிடம் "இது சைவமோ?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும், அவர் துண்டுகளை மனதில் வைத்துச் சொல்கிறார். மீன்சோஸ், இறால் விழுது, சிப்பிச் சோஸ் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முட்டையைத் தனியாகக் கேட்க வேண்டும்: தெம்புரா என்ற யப்பானியப் பொரியலின் மா, நூடில்ஸ், மயோனெய்ஸ் மூன்றிலும் இருக்கலாம். புடிங் என்றால் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா கடற்பாசியா என்று பாருங்கள்.

மேசையில் இருந்துகொண்டு "மீன் போடாதேங்கோ" என்பது பிந்திய பேச்சு. விழுது முன்கூட்டியே அரைத்திருக்கும், அல்லது டின்னில் வந்திருக்கும். அந்த நேரத்தில் மேலே ஊற்றுகிற சோஸை மட்டும்தான் நிறுத்தலாம். ஒரு நாள் முன்னதாகவே தொலைபேசியில் செஃப்பிடம் பேசுவது நல்லது. தாய்ச் சமையல் பழகியவருக்கு 'ஜே' என்றால் விளங்கும்: அங்குள்ள விரதச் சாப்பாடு, வெங்காயம் உள்ளிகூடச் சேராது. உள்ளி வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மாற்று வழி கடினமே இல்லை. நாலு பேருக்கான கறி விழுதில் ஒரு தேக்கரண்டி இறால் விழுதுக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி வெள்ளை மிசோ போதும். அந்த மிசோவில் மீன்சாறு கலக்கவில்லை என்று லேபலைப் பார்க்க வேண்டும். சூப்புக்கு ஒரு லீட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்புக் கடற்பாசியும் நாலைந்து காய்ந்த ஷிடாக்கே காளானும் இரவு முழுக்க ஊறினால் நல்ல சாறு இறங்கும். தாய்லாந்து நூடில்ஸ் வதக்கலான பத் தாய்க்கு ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் புளிக்கரைசல், பனங்கட்டி, சோயா சோஸ். தாய்லாந்தின் பெட்சபுரியிலும் பனைமரத்துச் சீனிதான் பெயர்பெற்றது. இந்தச் சாப்பாடு எங்கள் நாக்குக்கு அந்நியமே இல்லை.

முன்பே சொல்லாமல் போய்விட்டால் வெள்ளரிக்காய் அல்லது அவகாடோ சுஷி, சோயாவும் உள்ளியும் போட்டு வதக்கிய தோஃபு (சோயாப்பால் கட்டி), வெறும் சோறு. பொரியலைத் தவிர்த்துவிடுங்கள், இறால் பொரித்த எண்ணெயிலேயே மரக்கறியையும் போடுவார்கள். வதக்கலுக்குக் கழுவிய தாச்சி கேட்டால் மறுக்கமாட்டார்கள், ஆனால் இரவு எட்டு மணிக் கூட்டத்தில் அது நடக்காது. ஏழு மணிக்கு முன்னரே போய் உட்காருங்கள்.