சித்தப்பாவின் வயிற்றுக்குள் இருந்த கிருமி

சித்தப்பாவுக்கு வயிற்றெரிச்சல் என்றால் எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தாராவியில் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து இட்லி அவித்து, 6 மணிக்கெல்லாம் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடியே மாட்டுங்கா பக்கம் கிளம்பிவிடுகிற மனுஷன், தான் சாப்பிட உட்காரும்போது மணி 11 ஆகியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடவில்லை, காரம் அதிகம், டென்ஷன் வேறு என்று எல்லோரும் சொன்னோம். பார்த்த டாக்டர்களும் அதையே சொல்லி, குடிக்க ரோஸ் கலர் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். தன் கையால் அரைத்த மிளகாய்ப் பொடியையே அவர் தொடாமல் எட்டு வருஷம் இருந்தார்.

இந்த வருஷம் மலம் கறுப்பாகப் போய், தலைசுற்றி விழுந்த பிறகுதான் எண்டோஸ்கோபி. சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்தில் புண். வயிற்றிலிருந்து துளியூண்டு சதையைக் கிள்ளி ஒரு மஞ்சள் ஜெல்லில் வைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் அது சிவந்துவிட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது.

சயான் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் திரும்பும்போது சித்தப்பா கேட்டார்: "ஏம்லே, கால்ல ஒரு முள்ளு குத்துனாக்கூட சீழ் வச்சு வெளிய தள்ளுதே இந்த ஒடம்பு, இது இத்தன வருஷமா உள்ளயே கெடந்துருக்கு, ஒடம்புக்குத் தெரியலியா?"

நான் நுண்ணுயிரியல் படித்தவன். வேலை வேறு துறையில் என்றாலும் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

உடம்புக்குத் தெரியும் சித்தப்பா. தெரிந்துதான் வெள்ளணுக்களை அனுப்பிக்கொண்டே இருந்தது, ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள்கூட உருவாகின்றன. ஆனால் அந்தக் கிருமி இருக்கிற இடம் அப்படி. வயிற்றின் உள்சுவர்மேல் கெட்டியான சளிப்படலம் ஒன்று இருக்கிறது, நம் அமிலமே நம்மை அரித்துவிடாமல் காப்பது அதுதான். இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை சுவருக்குள் நுழைவதே இல்லை, அந்தச் சளிக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. வெள்ளணுக்கள் வந்து குவிவதோ சுவருக்கு அந்தப் பக்கம்.

அமிலத்தைத் தாண்டி அங்கே எப்படிப் போகிறது என்றால், அதனிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. நம் வயிற்றில் இயல்பாகவே இருக்கிற யூரியாவை அது அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. அம்மோனியா சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்கும், கூடவே கூழ் மாதிரி இருக்கிற சளியை இளக்கியும் விடும். திருகாணி போன்ற உடம்பு, ஒரு முனையில் வால் மாதிரி இழைகள், நீந்திப் போய்விடுகிறது. மஞ்சள் ஜெல்லைச் சிவக்க வைத்ததும் அந்த அம்மோனியாதான்.

அப்புறம் அந்த வால். பெரும்பாலான பாக்டீரியாக்களின் வாலில் இருக்கிற புரதத்தில் குறிப்பிட்ட ஒரு பகுதியைத் தடவிப் பார்த்து எச்சரிக்கை கொடுக்க நம் செல்களில் ஓர் உணரி இருக்கிறது. பைலோரியின் வாலில் சரியாக அந்தப் பகுதி மட்டும் மாறியிருக்கும். நீந்துவதற்குக் குறையில்லை, உணரிக்கு மட்டும் பிடிபடாது. மேல்தோலும் அப்படித்தான்: மற்ற குடல் கிருமிகளின் தோலில் உள்ள கொழுப்பு பட்டாலே உடம்பு கொதித்தெழும், இதனுடையதோ அதைவிடப் பல மடங்கு சாதுவானது. அந்தத் தோலின்மேல் லூயிஸ் எனப்படும் ரத்தவகைச் சர்க்கரைகளைப் போலவே செய்து ஒட்டிக்கொள்கிறது, நம் வயிற்றுச் செல்களிலும் அதே சர்க்கரைகள் உண்டு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் சொந்தக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

இதையும் மீறி எதிர்ப்பு வந்தால், வாக்ஏ என்ற நச்சுப் புரதத்தை விடுகிறது, டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்கள் பெருகுவதை அது தடுக்கும். வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல நைட்ரிக் ஆக்சைடு செய்ய வேண்டும், அதற்கான மூலப்பொருளையே இது முந்திக்கொண்டு தின்றுவிடும். மனிதன் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே கூட வந்த கிருமி இது, கற்றுக்கொள்ள அவகாசம் இருந்திருக்கிறது.

ஆனால் இந்த முடியாத சண்டையில் அடிபடுவது நம் வயிறு. கிருமியின் நச்சு பாதி, கிருமியை எட்டாமல் நம் சுவரிலேயே வருஷக்கணக்காக நீடிக்கும் அழற்சி பாதி. தொற்று இருக்கிற பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குப் புண், வெகு சிலருக்குப் புற்றுநோய். 1994-லேயே இதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து டாக்டர் பாரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் வயிற்றில் அழற்சி வரவைத்துக் காட்டியது 1984-இல். அவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்தது 2005-இல். அதற்கெல்லாம் பிறகும் ஓர் இட்லிக்காரரிடம் "காரத்தைக் குறை, டென்ஷன் ஆகாதே" என்று மட்டும் சொல்லி எட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள், எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

14 நாள் மருந்து. ஆறாம் நாளே வாயெல்லாம் இரும்புக் கசப்பு, நிறுத்திவிடுகிறேன் என்றார். நான் விடவில்லை. உடம்பு தானாக இதை விரட்டுவது மிக அபூர்வம், பாதியில் விட்டால் மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமியாகிவிடக்கூடும் என்று தினமும் போன் செய்து சொன்னேன். சித்தி மாத்திரை அட்டையை எண்ணி எண்ணிக் கொடுத்தாள்.

போய்விட்டதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியாது, எதிர்ப்புப் புரதங்கள் கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். கார்பனில் அடையாளமிட்ட யூரியாவைக் குடித்துவிட்டு ஊதவேண்டும், உள்ளே கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அதை உடைக்க, அந்தக் கார்பன் மூச்சில் கார்பன் டை ஆக்சைடாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம், அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை நிறுத்தி 2 வாரம் ஆகியிருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு வரும் செவ்வாய்க்கிழமை. மிளகாய்ப் பொடி அரைக்கட்டுமா என்று சித்தி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.