கரடி வீடியோவுக்குப் பின்னாடி இருக்குற குப்பை

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி கடை ஷட்டரை ஆட்டுற மாதிரி, கோவில் கதவைத் தள்ளுற மாதிரி சிசிடிவி வீடியோ அடிக்கடி வாட்ஸப்ல சுத்துது, நீங்களும் பாத்திருப்பீங்க. பாதி பேர் "பாவம் பசிக்குது போல"ன்னு ஹார்ட் போடுறாங்க, மீதி பேர் "ஃபாரஸ்ட்காரங்க என்ன பண்றாங்க"ன்னு திட்டுறாங்க. அந்தக் கடைக்குப் பின்பக்கம் சரிவுல என்ன கிடக்குன்னு மட்டும் யாரும் கேக்குறதில்ல. இதை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடந்துச்சு.

முதல்ல கரடியைப் பத்தி. நம்ம காட்டுல இருக்குறது கறுப்பா சடைமுடியோட, நெஞ்சுல வெள்ளையா ஒரு வளைவு இருக்குமே, அந்தக் கரடி. வேட்டையாடித் தின்னுற மிருகம் இல்ல. அதோட மெயின் சாப்பாடு கரையானும் எறும்பும்தான், அப்புறம் தேன், அத்தி, நாவல், பலான்னு கிடைக்குற பழம். மேல் வரிசையில நடுவுல ரெண்டு முன்பல் அதுக்குக் கிடையாது, அந்த இடைவெளி வழியா கரையானை உறிஞ்சி இழுக்கும், அந்தச் சத்தம் தூரத்துக்குக் கேக்கும்னு ராத்திரி காவல் இருக்குறவங்க சொல்வாங்க. கண்ணு அவ்வளவா தெரியாது, காதும் சுமார்தான், ஆனா மூக்கு இருக்கே, அதுக்கு முன்னாடி நம்ம கதவும் பூட்டும் ஒண்ணுமே இல்ல. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல புலியும் யானையும் இருக்குற, ரொம்பக் கடுமையான பாதுகாப்பு குடுக்குற அதே முதல் அட்டவணையிலதான் இதுவும் இருக்கு.

இப்ப அந்த மூக்குக்கு எங்க ஊர்ல என்னென்ன வாசம் கிடைக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. கோவில்ல விளக்கெண்ணெய், ரேஷன் கடையில பாமாயில், ஸ்கூல் சத்துணவுக் கூடத்துல எண்ணெயும் பருப்பும், பேக்கரியில டால்டா, எஸ்டேட் ஓரம் பலா மரம். கரையான் புத்தைத் தோண்டிக்கிட்டு ராத்திரி பூரா அலைஞ்சு கிடைக்குற தெம்பு ஒரு எண்ணெய் டப்பாவுல சில நிமிஷத்துல கிடைச்சுடுது, அது ஏன் திரும்பக் காட்டுக்குப் போயி தோண்டணும்? அதுலயும் தாய்க்கரடி குட்டியை முதுகுல ஏத்திக்கிட்டு வரும், குட்டிங்க ரெண்டு வருஷம், சில சமயம் அதுக்கும் மேல அம்மா கூடவே சுத்தும், அப்ப அம்மா எந்தக் கதவை எப்படித் தள்ளுச்சு, எந்தத் தொட்டி எந்த நேரம் நிறைஞ்சிருக்கும், எல்லாத்தையும் பாத்துக் கத்துக்குது. கோத்தகிரியில பிறந்து ஊர்ச்சாப்பாட்டுல வளர்ந்த கரடிக்கு இதுதான் காடு.

ஒளிஞ்சிருக்க இடமும் நாமளே குடுத்துட்டோம். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாம எத்தனையோ சின்ன விவசாயிங்க தோட்டத்தை அப்படியே விட்டுட்டாங்க, கவாத்து பண்ணாம, அதாவது கிளையை வெட்டாம விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு மரமா வளந்து கெடக்கு, ஊடால உண்ணிச்செடிப் புதர். பகல் முழுக்க கரடி அதுக்குள்ளயே படுத்திருந்துட்டு சாயங்காலம் ரோட்டைத் தாண்டி வந்துடலாம். ஒரு பக்கம் விலை கிடைக்காத விவசாயி, இன்னொரு பக்கம் புதர்ல கரடி, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு பேசவே மாட்டேங்குறாங்க.

சரி, குப்பைக்கு வர்றேன். ஏப்ரல், மே சீசன்ல மலைக்கு வர்ற கூட்டம் உங்களுக்கே தெரியும், 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் உத்தரவுல இ-பாஸ் வேற வந்துருச்சு. வண்டி எத்தனை ஏறுதுன்னு கணக்கு பாக்குறாங்க, அந்த வண்டியில வந்தவங்க மிச்சம் வைக்கிற பிரியாணிக்கு என்ன வழின்னு யாரு பாக்குறா? எங்க பக்கம் காட்டேஜ், ஹோம் ஸ்டே எல்லாம் வியூ வேணும்னு சரிவு ஓரமாத்தான் கட்டுறாங்க. ராத்திரி பார்பிக்யூ முடிஞ்சதும் எலும்பு, சோறு, எண்ணெய் கேன் எல்லாத்தையும் ஒரு கவர்ல கட்டி பின்பக்கம் கீழ விட்டெறிஞ்சா அவங்களைப் பொறுத்தவரைக்கும் வேலை முடிஞ்சுது. நீலகிரியில இருபது வருஷத்துக்கு மேல பிளாஸ்டிக் தடை இருக்கு, தமிழ்நாடு முழுக்க தடை வந்ததே 2019 ஜனவரியிலதான், அதுக்கு ரொம்ப முன்னாடியே வழிகாட்டின மாவட்டம் இது. அதனால கவர் குறைஞ்சிருக்கு, உண்மைதான், ஆனா கவருக்கு உள்ள இருந்தது குறையல.

அந்தச் சரிவுக்குக் கீழ தேயிலைத் தோட்டம் இருக்கு. அங்க காலையில போறது எங்க அத்தை மாதிரி ஆளுங்க.

எங்க குடும்பம் 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து இங்க வந்தது. தாத்தா காலத்துல இருந்து கொழுந்து பறிக்கிற குடும்பம், அத்தை இன்னும் பறிக்கப் போறாங்க. அத்தைகிட்ட ஒருநாள் "கரடி இருக்குன்னு தெரிஞ்சும் எப்படி அத்தை போறீங்க"ன்னு கேட்டேன். "போகாம? கரடி இருக்குதுன்னு லீவு குடுப்பாங்களா கண்ணு? நாங்க நாலஞ்சு பேரா சத்தமா பேசிக்கிட்டே போவோம், தகரத்தைத் தட்டுவோம், அப்புறம் மாரியாத்தா விட்ட வழி"ன்னாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க, "மேல காட்டேஜ்ல பாட்டுச் சத்தம் கேட்ட மறுநாள் மட்டும் அந்த ஓரத்து வரிசைக்கு யாரும் முதல்ல இறங்க மாட்டோம்"னு. எனக்கு அதைக் கேட்டதுல இருந்து மனசே ஆறல. மேல பாட்டுப் போட்டவங்களுக்கு கீழ இப்படி ஒரு கணக்கு ஓடுதுன்னு தெரியவே தெரியாது.

அத்தை சொன்ன சத்தம் சாதாரண விஷயம் இல்லைங்க. கண்ணும் காதும் சரியா இல்லாத மிருகம், நாம திடீர்னு கிட்டப் போய் நின்னா அது பயத்துல அடிக்கும், நீளமான நகம், நேரா முகத்துக்கும் தலைக்கும்தான் வரும், பிழைச்சவங்ககூட கண்ணு போயி, தாடை போயி வாழ்றாங்க. தூரத்துலயே ஆள் வர்றது தெரிஞ்சா பெரும்பாலும் அதுவே விலகிடும். அதனால தனியா போகாதீங்க, இருட்டுல டார்ச் இல்லாம போகாதீங்க, ஃபோட்டோ எடுக்க கிட்ட போகவே போகாதீங்க, ஓடித் தப்பிக்கலாம்னும் நினைக்காதீங்க, அது நம்மளவிட வேகம்.

யாராவது அடிபட்டா உடனே கூண்டு வையுங்கன்னு போராட்டம் நடக்கும். அந்தக் கோபம் நியாயம்தான், வீட்டு ஆளு ஆஸ்பத்திரியில கிடக்கும்போது பொறுமையா இருங்கன்னு யாரும் யார்கிட்டயும் சொல்ல முடியாது. பழம், தேன் எல்லாம் வச்சு கூண்டுல பிடிச்சு, தூரக் காட்டுல கொண்டுபோய் விடுவாங்க. ஆனா சாப்பாடு இங்கயே இருக்கே? பிடிச்ச கரடி திரும்பி வரலாம், வரலைன்னா அந்த இடத்துக்கு வேற ஒண்ணு வரலாம்.

அமெரிக்காவுல யெல்லோஸ்டோன்னு ஒரு பெரிய தேசியப் பூங்கா இருக்கு. அங்க ஒரு காலத்துல ஹோட்டல் மிச்சத்தைக் கொட்டி, கரடி வந்து தின்னுறதை டூரிஸ்டுங்க உக்காந்து பாக்க இடமே கட்டி வச்சிருந்தாங்க. 1970 வாக்குல கடைசிக் குப்பைமேட்டையும் மூடிட்டாங்க. படிப்படியா மூடுங்க, இல்லைன்னா கரடிங்க ஆளுங்க இருக்குற பக்கம் வரும்னு அங்கயே கரடியை ஆராய்ச்சி பண்ண கிரெய்க்ஹெட் சகோதரர்கள் சொன்னாங்க, கேக்கல. பசியோட அலைஞ்ச கரடிங்க கேம்ப் பக்கம் வந்துச்சு, நிறைய செத்துப்போச்சு, 1975ல கிரிஸ்லின்னு சொல்ற அந்தக் கரடி வகையை அழியுற ஆபத்துல இருக்குற பட்டியல்ல சேர்க்க வேண்டியதாச்சு. அது வேற கரடி, வேற காடு, ஆனா எனக்கு அதுல உறைக்கிறது ஒண்ணுதான்: ஒரு குப்பைமேட்டை மூடுறது மட்டும் போதாது, சுத்தி இருக்குற எல்லாத் தொட்டியையும் சேர்த்து அடைக்கணும். அங்க இப்ப கையை உள்ள விட்டு கொக்கியை அழுத்தினாத்தான் திறக்குற மாதிரி இரும்புத் தொட்டி வச்சிருக்காங்க, மனுஷ விரல் போகும், கரடி பாதம் போகாது.

நம்ம ஊர்ல தொட்டிக்கு மூடியே இல்ல. இருக்குற மூடியும் குரங்கு தள்ளினாலே விழுந்துடும். அதைவிட முக்கியம் வண்டி வர்ற நேரம். காலையில வண்டி வரும்னு சாயங்காலமே குப்பையை வெளிய வச்சுடுறோம், அப்ப ராத்திரி பூரா அது கரடிக்குத்தான். இருட்டுறதுக்கு முன்னாடி எடுத்துட்டாலே பாதிப் பிரச்சனை குறையும்னு நான் நம்புறேன். கோவில்ல எண்ணெயை ராத்திரி உள்ள வைக்காம பூசாரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், கழிவறைக் கதவு மாதிரி தகரக் கதவு போட்ட சத்துணவுக் கூடத்துக்கு நல்ல இரும்புக் கதவு போடலாம், இதெல்லாம் பெரிய செலவே இல்ல. முடியாதுன்னும் சொல்ல முடியாது, குன்னூர் ஓட்டுப்பட்டறையில குப்பைமேடா கிடந்த இடத்தை ஊர்க்காரங்க நகராட்சியோட சேர்ந்து தரம் பிரிக்கிற இடமா மாத்தியிருக்காங்க, போய்ப் பாருங்க.

காட்டேஜ் நடத்துறவங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன். உங்க கெஸ்ட் மிச்சம் வைக்கிறதுக்கு நீங்கதான் பொறுப்பு. பூட்டு போட்ட ரூம்ல வைங்க, கீழ எறியாதீங்க, கரடி பாக்கலாம்னு ஆசை காட்டி புக்கிங் பிடிக்காதீங்க, தயவுசெஞ்சு. குப்பை வண்டியை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள விடணும்னு ஊர்ல மனு எழுதி கையெழுத்து வாங்கிட்டு இருக்கோம், இதுவரைக்கும் போட்டது எல்லாம் தோட்டத்துல வேலை செய்றவங்கதான். அரவேணு, கட்டபெட்டு பக்கம் காட்டேஜ் வச்சிருக்குறவங்க யாராவது இதைப் படிச்சா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, மனுவை நானே எடுத்துட்டு வர்றேன்.