திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு: குழுவாக நடக்க

தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள் பாதியில் பஸ் ஏறுவது பெரும்பாலும் பாதத்தால்தான். திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறக்குறைய 60 கிலோமீட்டர்; பாதி வழியில் ஒட்டன்சத்திரம். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் முதல் நாளே ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிவிடலாம்போலத் தெரியும். தாண்ட வேண்டாம். அப்படி ஓடிய குழு மறுநாள் அடுத்துள்ள சத்திரப்பட்டியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்.

அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் நிழலுக்கு ஒதுங்கி, மாலை 4 மணிக்கு மேல் மறுபடி நடப்பதுதான் முறை. தை மாதம்தானே என்பார்கள். வெறுங்காலுக்கு முற்பகல் தார் ரோடே தோசைக்கல். பழகிய சாமிகள் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடப்பதைப் பார்க்கலாம். கறுப்புத் தாரைவிட அதில் சூடு குறைவு, ஜல்லி முனையும் பெயின்ட்டில் மழுங்கியிருக்கும். மண்ணில் இறங்கினால் நெருஞ்சி, கருவேல முள்.

இருட்டில் அதே கோடு ஆபத்து. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு இரவில் லாரி ஓயாது. வண்டி எதிரே வருவது தெரியும்படி சாலையின் வலது ஓரமாக, தாரை விட்டுத் தள்ளி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பை முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர், கடைசி ஆள் கையில் சிவப்பு விளக்கு. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவரைக் கடைசியில் விட்டால் மற்றவர்கள் நின்று இளைப்பாறும்போது அவர் வந்து சேர்வார், சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

கொப்புளம் வரும் இடம் முதலில் சுரீரென்று சுடும். அப்போதே நின்று பிளாஸ்திரி ஒட்டினால் தப்பலாம். நீர் கோத்துவிட்டால் தோலை உரிக்கக் கூடாது. கையைக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரைப் பிதுக்கி, மருந்து தடவித் துணி சுற்றுங்கள். உரிக்காத அந்த மேல்தோல்தான் புண்ணுக்குக் கட்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் குத்தவே வேண்டாம், வழியிலுள்ள மருத்துவ முகாமில் காட்டுங்கள். குளித்த ஈர வேட்டியோடு நடந்தால் தொடை உரசிப் புண்ணாகும். உலர்த்திக் கட்டி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம்.

அன்னதானப் பந்தலில் கைகூப்பிக் கூப்பிடுவார்கள், மறுக்க மனம் வராது. அரை வயிறு போதும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், உப்புப் போட்ட மோர்தான் நல்லது.

ஆயக்குடி வந்தால் முடிந்த மாதிரிதான். ஆனால் சண்முக நதி பழனி ஊருக்கு அப்பால், உடுமலை ரோட்டில் இருக்கிறது. அங்கே குளித்துத்தான் மலை ஏறுவது என்றால் அந்தக் கூடுதல் நடையையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். படிகள் எழுநூறுக்குச் சற்றுக் குறைவு. இத்தனை தூரம் நடந்த முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலி. சாய்வாகப் போகும் யானைப்பாதை கொஞ்சம் இதம், ஆனால் பூசக் கூட்டத்தில் போலீஸ் காட்டும் வழிதான் வழி.