மோசமான வாரத்தை வைத்துத் திட்டம் போடுங்கள்

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதும் தேர்வுக்கு முதல் தடவை பணம் கட்டியதும் நான் செய்த முதல் காரியம், கலர் பென்சில் எடுத்து டைம்டேபிள் வரைந்தது. காலை 4.30 முதல் 6.30 வரை புதுப் பாடம், பச்சை. இரவு 9.30 முதல் 10.30 வரை ரிவிஷன், நீலம். ஞாயிறு மட்டும் ஆறு மணி நேரம், சிவப்பு. மொத்தம் வாரத்துக்கு 24 மணி நேரம். சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது பாதி படித்து முடித்த மாதிரியே இருந்தது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வந்து பார்த்தாள்.

"இது யாரோட டைம்டேபிள்மா?"

"என்னோடதுதான்."

"நீ இப்படியெல்லாம் இருக்கறதே இல்லையே."

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். ஐந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் படிப்பு போனது. போன ஆறு மணி நேரத்தை அடுத்த வாரத்தில் சேர்த்துக்கொண்டேன், 30 ஆயிற்று. அந்த வாரம் மாதக் கடைசி. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், மாதக் கடைசியில் எங்களுக்கு இரவு எது பகல் எது என்று தெரியாது. பத்து மணி நேரம்கூடத் தேறவில்லை. மீதியும் கடனில் ஏறியது. இப்படியே வட்டி குட்டி போட்டு, மூன்றாவது மாதம் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தேர்ச்சிக்கு 50 மதிப்பெண் வேண்டும், நான் வாங்கியது 38.

அடுத்த தடவை 57 வாங்கித் தேறினேன். பெரிய மதிப்பெண் இல்லை, தெரியும். ஆனால் அதே வேலை, அதே வீடு, அதே மாதக் கடைசியோடு வாங்கியது. நடுவில் என்ன மாறியது என்று நிறைய பேர் கேட்டார்கள். விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று சொன்னால் கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். உண்மையில் மாறியது கணக்குப் போட்ட விதம்தான்.

இரண்டாம் தடவை புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு வாரம் ஒன்றுமே படிக்கவில்லை. கையடக்கமான நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, நேரம் எங்கே போகிறது என்று மட்டும் எழுதினேன். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பொய் வரும். எட்டு மணிக்கு என்ன செய்தேன் என்பது பத்து மணிக்கே மறந்துவிடுகிறது. அதனால் அவ்வப்போது, நின்றபடியே, ஒரு வரி.

வாரத்துக்கு 168 மணி நேரம், எல்லோருக்கும் சமம் என்று மேடையில் சொல்வார்கள். என் நோட்டில் முதல் வாரக் கணக்கு இது: தூக்கம் 48, அலுவலகம் 48, போக வர 10, வீட்டு வேலையும் மகளும் சேர்ந்து 43. மீதி 19. அடேயப்பா, 19 மணி நேரமா என்று தோன்றும். அதில் பத்து நிமிடமும் ஐந்து நிமிடமுமாகச் சிதறிக் கிடப்பவை, கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய காரியமாக இருக்கிற நேரங்கள், இரண்டையும் கழித்தால் நிஜமாகப் படிக்கக்கூடியது பதினொன்றரை. இரண்டாவது வாரம் மாதக் கடைசி. அதில் தேறியது ஆறு.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். பதினொன்றரையையும் ஆறையும் கூட்டி இரண்டால் வகுத்து, வாரத்துக்கு எட்டே முக்கால் என்று எழுதத்தான் கை போகும். நான் ஆறு என்று எழுதினேன். நல்ல வாரத்தில் கூடுதலாகப் படித்தால் அது உபரி, திட்டத்தில் அதற்கு இடமில்லை. சராசரியை வைத்துப் போட்ட திட்டம் பாதி வாரங்களில் தோற்கும். தோற்ற வாரத்தின் மனநிலை அடுத்த வாரத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

அளக்காமல் மனசால் கணித்தால் போதாதா என்றால், போதாது. 1994-இல் பூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறுதி ஆண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள். எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். சுமார் 49 என்றார்கள். கடைசியில் உண்மையாக ஆனது 55 நாளுக்கும் மேல். மிக மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொன்ன கணக்கைக்கூட நிஜம் தாண்டிவிட்டது. அதனால்தான் மோசமான வாரத்தைக் கற்பனை செய்யாதீர்கள், அளந்து பாருங்கள் என்கிறேன். உங்கள் வேலையில் எந்த வாரம் கழுத்தைப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாரம் வரும் வரை காத்திருந்து அதையும் நோட்டில் எழுதுங்கள்.

நேரத்தை அளந்தாயிற்று, அடுத்தது பாடம். மொத்தம் 22 பாடங்கள். ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரம் போதும் என்பது என் பழைய நினைப்பு. நடுத்தரமான ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்துக்கொண்டு முழுசாகப் படித்துப் பார்த்தேன். வாசிக்க நான்கு மணி நேரம், கணக்குகள் போட்டுப் பார்க்க இரண்டு, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்க ஒன்று. ஆக ஏழு.

தேர்வுக்கு அப்போது 30 வாரம் இருந்தது. வாரத்துக்கு ஆறு வீதம் 180 மணி நேரம். 22 பாடத்தை ஏழால் பெருக்கினால் 154. மீதி 26. மாதிரித் தேர்வு ஒன்று எழுத மூன்று மணி நேரம், திருத்திப் பார்க்க இரண்டு. நான்கு எழுதினாலே 20 போய்விடும். ரிவிஷனுக்கு நிற்பது ஆறே மணி நேரம். 22 பாடத்துக்கு!

ஆறு மாதத்துக்கும் மேலாக அவகாசம் இருந்தும் முழுப் பாடத்திட்டத்தையும் என்னால் படிக்க முடியாது என்று அந்தத் தாள் சொன்னது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஆனால் முதல் தடவையும் நிலைமை இதேதான், தேர்வு அறையில் போய்த்தான் தெரிந்தது. இந்தத் தடவை 30 வாரம் முன்னாலேயே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்து பாடங்களை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு விடவில்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வந்திருக்கிறது என்று எண்ணினேன். அதிக உழைப்பும் குறைந்த மதிப்பெண்ணும் உள்ளவை முதலில் போயின. 17 பாடத்துக்கு 119 மணி நேரம், மாதிரித் தேர்வுக்கு 20, ரிவிஷனுக்கு 41. இப்போது மூச்சு விட முடிந்தது. விட்ட பாடம் ஒன்றிலிருந்து தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி வரத்தான் செய்தது. அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன். எனக்கு வேண்டியது தேர்ச்சி. தரவரிசை வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி சரிவராது. அவர்கள் பாடத்தை விடக்கூடாது, தேர்வைத் தள்ளிப்போட வேண்டும்.

வாரத் திட்டத்துக்கு மணி குறித்த டைம்டேபிள் போடவில்லை. நோட்டில் ஒரு வாரத்துக்கு 12 கட்டம், ஒரு கட்டம் அரை மணி நேரம். எந்த நாள் எந்த மணி என்றெல்லாம் இல்லை, படித்து முடித்ததும் கட்டத்தில் டிக். ஞாயிறு இரவு மிச்சம் இருக்கிற கட்டங்களை ஒரு கோடு போட்டு அடித்துவிடுவேன். அடுத்த வாரத்துக்கு எடுத்துப்போவது கிடையாது. இந்த ஒரு விதி இல்லாமல்தான் முதல் தடவை ஆறு மாதத்தைத் தொலைத்திருக்கிறேன் என்பதால், இதில் மட்டும் எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை.

மணி வேண்டாம், ஆனால் ஆரம்பிக்க ஒரு பிடிமானம் வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் இதைப் பற்றி விளக்கமாக எழுதியிருக்கிறார். 'படிப்பேன்' என்ற எண்ணத்தைவிட, 'இது நடந்ததும் இங்கே உட்கார்ந்து இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்த எண்ணம் செயலாக மாற வாய்ப்பு அதிகம். என் முடிச்சு இது: இரவு பாத்திரம் கழுவிக் கையைத் துடைத்ததும் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து, நேற்று தப்பாகப் போட்ட கணக்கை இன்னொரு தடவை போடுவேன். நோட்டு, பேனா, கால்குலேட்டர் மூன்றும் மேசை ஓரத்திலேயே கிடக்கும். படுக்கையறைக்குப் போய்ப் புத்தகம் எடுத்து வரலாம் என்று எழுந்த நாளெல்லாம் கட்டில் ஜெயித்துவிடும்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டாலே பாதி பாரம் குறையும். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்த மாதிரிதான் நம்மை ஏமாற்றுகிறது. பேருந்தில் வரும் பதினைந்து நிமிடத்தில் நான் புத்தகமே திறப்பதில்லை. நேற்றுப் படித்த பாடத்தின் தலைப்புகளை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன், தடுக்கிய இடத்தைப் போனில் குறித்துக்கொள்வேன். இரவு அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. மகள் தூங்கிய பிறகு தினமும் நாற்பது நிமிடம் போனில் போகிறது என்று நோட்டு காட்டியது. அதை முழுசாகப் பிடுங்கிப் படிப்பில் போடச் சொல்வார்கள். நான் பாதியைத்தான் எடுத்தேன். நாள் முழுக்க யாருக்காகவோ ஓடுகிறவர்களுக்கு யாரும் எதுவும் கேட்காத இருபது நிமிடம் வேண்டும். அதை வெட்டினால் வேறு எங்கேயாவது வெடிக்கும். தூக்கத்திலும் கை வைக்கவில்லை. முதல் தடவை 4.30 மணிக்கு எழுந்து படித்த பக்கங்களில் இன்று எனக்கு ஒரு வரி ஞாபகமில்லை.

21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்ற பேச்சை நம்பி, 22-ஆம் நாள் நோட்டைத் திறக்க மனம் வராமல் இருந்தால் உங்கள் மேல் தப்பில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு வர ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள், நடுவாந்திரமாக 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. எனக்கு மூன்றாவது மாதத்தில்தான் பாத்திரம் கழுவியதும் கை தானாக நோட்டுக்குப் போனது.

இத்தனை செய்தும் இடறியது. 19-ஆவது வாரம் நானே படுத்துவிட்டேன், 12 கட்டமும் காலி. அதற்கடுத்த வாரம் நாலே நாலு டிக். பத்து மணி நேரம் போயிற்று. ஆறுதான் அடிமட்டம் என்று நினைத்தது தப்பு, அதற்கும் கீழே ஓர் அறை இருந்தது. ஆனால் அதற்குள் நல்ல வாரங்களில் கணக்கில் சேர்க்காமல் படித்த உபரி 14 மணி நேரம் இருந்தது. பழைய டைம்டேபிளாக இருந்தால் அந்த இரண்டு வாரத்திலேயே கடை சாத்தியிருப்பேன்.

வீட்டிலும் அலுவலகத்திலும் என்ன சொல்வது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 'தேர்வு இருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது, எல்லோருக்கும் கோபம்தான் வரும். 'செவ்வாயும் வியாழனும் ஒன்பதிலிருந்து பத்து வரை நான் இல்லை' என்றால் புரியும். மகளை அந்த இரண்டு இரவும் அவள் அப்பா தூங்க வைத்தார். மேலாளரிடம் மாதிரித் தேர்வு எழுதும் நான்கு சனிக்கிழமைகளை மட்டும் மாதக் கணக்கில் முன்னாலேயே கேட்டு வைத்தேன். மூன்று கிடைத்தது. நான்காவதை ஞாயிறு விடியற்காலையில் எழுதினேன்.

அடுத்த தேர்வுத் தாளுக்கு இப்போது 18 வாரம் இருக்கிறது. மறுபடி இரண்டு வாரம் நோட்டுப் போட்டேன். மகள் பெரியவளாகிவிட்டாள், அவளுக்கே இப்போது பரீட்சைகள் வந்துவிட்டதால் நிலைமை சுருங்கித்தான் இருக்கிறது. மோசமான வாரத்தில் தேறியது ஐந்து மணி நேரம். ஆக 90. முதல் பாடத்தைக் கடிகாரம் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஐந்தேகால் மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் கணக்குகள் பாக்கி.